ஓஸ்லா அக்காவின் ஒற்றைச் செடி

எங்கள் ஷெட்லாந்துத் தீவுகளில், குளிரில் விறைத்த அநாதை ஆட்டுக்குட்டியை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. அடுப்பருகே கிடத்தி, துணியில் சுற்றி, பாட்டிலில் பால் புகட்டிவிட்டுத்தான் மறுவேலை. என் ஓரகத்தி ஓஸ்லா அக்கா அப்படி எத்தனையோ குட்டிகளைத் தேற்றியவள். அவளுக்குத் தபால்காரி வேலை, தபால் கொடுக்கப் போகும் வண்டியிலேயே பால் பாட்டிலும் போகும். அவள்தான் போன மே மாதம் கதவைச் சாத்தினாள். காரணம் ஒரு தொட்டிச் செடி.

பருந்துப்பூண்டு என்பார்கள். மஞ்சளாகப் பூக்கும், பனிக்காலத்தில் மடிந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சாலையோரத்தில் கிடப்பதும் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். ஓடைப் பள்ளத்துப் பாறை விளிம்பில், ஆடு எட்டாத இடத்தில் இருந்தது தனி இனம், வேறெங்கும் கிடையாது. இலையை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. பூவின் நடுவில் பிளந்து நிற்கும் இழையைப் பார்க்க வேண்டும். சாலையோரப் பூண்டுக்கு அது கறுத்திருக்கும், பாறைப் பூண்டுக்குச் சுத்த மஞ்சள். அக்கா இடுப்பில் கயிறு கட்டி இறங்கி விதை எடுத்து வந்தாள். அடுத்த பனிக்காலத்தில் அந்தப் பாறையே சரிந்து ஓடைக்குள் போய்விட்டது.

முளைத்தவை இரண்டு. ஒன்றை, உயரத்தில் வைத்திருந்தும், அவள் வளர்த்த குட்டியே நாற்காலியில் ஏறி வேரோடு இழுத்துத் தின்றது. மிஞ்சியதும் அசலா, காற்றில் வந்து தொட்டியில் விழுந்த சாலையோர விதையா என்பது பூத்தால்தான் தெரியும். அந்தப் பூண்டு விதை கட்ட மகரந்தமே வேண்டாம். ஒரு செடி இருந்தால் போதும், பிள்ளைகளெல்லாம் தாயை உரித்துவைத்துப் பிறக்கும். அது போனால் எல்லாம் போச்சு. அந்தப் பயத்தில் அக்கா, எங்கள் வீட்டில் கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவாள். "கதவைச் சாத்தினேனா மிமி?" என்று என்னைக் கேட்பாள். எனக்கென்ன தெரியும்!

அந்த மே மாதத்தில் திடீர்ப் பனிப்புயல். நானும் என் கணவர் கிப்பியும் ஆடு தேடிப் போனோம். கிடைத்த குட்டியை அவர் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் வீடு மலைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் இருந்தது அக்கா வீடுதான்.

"அண்ணி, கதவைத் தொறங்க. மூச்சு மட்டுந்தான் இருக்கு."

கதவு ஒரு சாண் திறந்தது. "இங்க வேணாம் கிப்பி. செடி குருத்து விடுற நேரம்."

"தூக்கி அலமாரி மேல வைங்களேன்!"

"போன தடவையும் அதையேதான் சொன்னே."

"ஒரு களைக்காக உசுர வெளிய நிறுத்துறீங்களா? நம்ம மேய்ச்சல் காட்டுக்கு வாங்க, சாக்கு நெறையப் பிடுங்கித் தாரேன்!"

கதவு மூடிக்கொண்டது. அலமாரியில் வைத்திருக்கலாம், எனக்கும் ஆத்திரம்தான். பயந்தவளுக்கு அலமாரி எந்த உயரம் இருந்தாலும் போதாது போலிருக்கிறது. வீடு சேருமுன் குட்டி செத்துவிட்டது. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றார் கிப்பி. கடையில் ஆளாளுக்கு, "களைச்செடி சௌக்கியமா?" என்று அக்காவைக் குத்தினார்கள். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு போவாள்.

ஜூலையில் மொட்டு வைத்தது. மனசு கேட்காமல் ஆட்டுக்கறி சூப் கொண்டுபோனேன். அக்கா பாதி உடம்பாக இருந்தாள்.

"கறுப்பா இருந்துட்டா என்னடி பண்ணுவேன்? அந்தக் குட்டிய எதுக்குக் கொன்னேன்?"

சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு காலை, கொட்டும் மழையில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. கிப்பி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.

"பூத்திருச்சு" என்றாள்.

கிப்பி கோப்பையைக் கீழே வைத்தார். கத்தப்போகிறார் என்றே நினைத்தேன்.

"மஞ்சளா?" என்றார்.

"மஞ்சள்தான், கிப்பி" என்றவள் நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதாள்.

அவர் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தார்.

"மழையில நிக்காதீங்க அண்ணி. உள்ள வாங்க."