கவுளி கத்திய பக்கம்

பல்லியின் காலில் பசை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்களே அதைச் சுவரில் தாங்குகின்றன. அதற்கு இமை கிடையாது. தன் கண்ணைத் தன் நாக்கினாலேயே துடைத்துக்கொள்ளும். அது கத்துவது நமக்கு வரப்போவதை அறிவிப்பதற்காக அன்று. 'இது என் எல்லை, நெருங்காதே' என்று இன்னோர் ஆண் பல்லிக்கு விடுக்கும் எச்சரிக்கை அது. கல்லூரி மேடைகளில் இந்த மூன்றையும் அடுக்கிக்கொண்டே போய், மூன்றாவதில் குரலைத் தாழ்த்தி நிறுத்துவேன். கைத்தட்டல் எழாத அரங்கை நான் கண்டதில்லை. சகுனம் என்ற ஒன்றையே அந்த ஓசைக்குள் புதைத்துவிட்டதாக நம்பியிருந்தேன்.

கைத்தட்டியவர்களில் என் அப்பா இல்லை. தொப்பம்பட்டிப் பக்கத்து எங்கள் குடும்பத்தில் பல்லியைக் கவுளி என்போம். கிணறு வெட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும், குலதெய்வக் கோயில் மண்டபத்தில் அந்தி நேரத்தில் அமர்ந்து முதலில் கவுளி வாக்குக் கேட்க வேண்டும். கேட்பவருக்கு வலப்பக்கம் கத்தினால் சம்மதம். இடப்பக்கம் கத்தினால் மறுப்பு. கத்தவே இல்லையென்றால் மறுநாளும் வர வேண்டும்.

சென்ற ஆண்டு அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காகக் கேட்கப் போனோம். கருப்பையில் கட்டி. திண்டுக்கல் மருத்துவர் திங்கட்கிழமைக்கு நாள் குறித்து, இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று இருமுறை சொல்லியிருந்தார். வாக்குக் கிடைக்காமல் அனுப்பமாட்டேன் என்றார் அப்பா. வெள்ளியன்று கவுளி கத்தவில்லை. சனியன்றும் கத்தவில்லை. ஞாயிறு மாலை மூன்றாம் முறையாக அந்தக் கல்தரையில் அமர்ந்தபோது, மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மா மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் என் நெஞ்சில் நிற்கவில்லை.

மண்டபத்தின் நடுவழிக்கு ஒரு புறம் ஆண்களும் மறுபுறம் பெண்களும் எதிரெதிரே உட்காருவது வழக்கம். அப்பா அந்தப் புறம். அடிவயிற்றில் கைவைத்து அழுத்தியபடி அம்மா இந்தப் புறம், அவரருகில் நான்.

"ஏனுங்கப்பா, இன்னிக்கும் கத்தலீன்னா?"

"கத்தும்."

"அதுக்கு அம்மாவையும் தெரியாது, டாக்டரையும் தெரியாதுங்க."

"மேடையில பேசறாப்பல இங்க பேசாத அம்மிணி. அதுக்குக் காது இருக்குது."

காது இருக்கிறது, மெய்தான். கண்ணுக்குப் பின்னால் சிறு துளையாக. அப்போதுதான் தூணில் இருந்த சுவிட்ச் கண்ணில் பட்டது. வெளிச்சம் வந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் கவுளி வரும். ஒரே வெளிச்சத்துக்கு இரண்டு ஆண் கவுளிகள் வந்தால் சச்சரவு வரும். சச்சரவில் சத்தம் வரும். என் வாழ்நாளின் மிகச் சிறந்த வாதம் அதுவே என்று எண்ணினேன்.

"இருட்டுதுங்க" என்று சொல்லி எழுந்து, சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து அமர்ந்தேன்.

பூச்சிகள் வந்தன. ஒரு கவுளி வந்தது, பிறகு இன்னொன்று. சிறிது நேரத்தில் தெளிவாக, அடுத்தடுத்து, ஐந்தாறு முறை சத்தம் கேட்டது. வெற்றிப் பெருமிதத்தோடு அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் செத்திருந்தது.

குழல்விளக்கு எந்தச் சுவரில் இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. அது வாசல் பக்கத்துச் சுவரில் இருந்தது. அப்பாவுக்கு இடப்பக்கம்.

"எடப்பக்கம்" என்றார் அவர். தோளிலிருந்த துண்டை எடுத்து மெதுவாக மடித்தார்.

விளக்கைப் போட்டது என் சூழ்ச்சி என்று சொன்னால், வாக்கே கெட்டுவிட்டது, நாளை மீண்டும் கேட்போம் என்பார். சொல்லாவிட்டால் மறுப்பு மறுப்பாகவே நிற்கும். இரண்டு வழியிலும் திங்கட்கிழமை போய்விடும். என் கையாலேயே அம்மாவைத் தடுத்துவிட்டேன்.

"ஏனுங்க" என்றார் அம்மா. "எனக்கு அது வலப்பக்கமுங்க."

அப்பா நிமிர்ந்தார். "கேட்டது நானு."

"மூணு நாளா நானுந்தானுங்க கேட்டுட்டு ஒக்காந்திருக்கறன். என்ற வயித்துலதானுங்க கட்டி இருக்குது. உங்களுக்குச் சொல்றதுக்கு அது எதுக்குங்க என்ற வலப்பக்கம் வந்து கத்தோணும்?"

அப்பா சுவரைப் பார்த்தார். தாம் அமர்ந்திருந்த இடத்தையும் அம்மா அமர்ந்திருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "துணிமணியெல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்றார்.

அம்மா இன்று நலமாக இருக்கிறார். கட்டி தீங்கற்றது என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அறுவை அறையின் கதவு மூடப்பட்ட பிறகு எதுவுமே தெரியாது. பகலிலும் விளக்கெரியும் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் நான்; எதிர்ப் பெஞ்சில் அப்பா. ஒரு மணி நேரம் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரும் வெளியே வரவில்லை.

அப்போது கவுளி கத்தியது.

கவுளி கத்தினால் வீட்டில் எல்லோரும் தட்டுவதுபோல், என் விரல்கள் என்னைக் கேட்காமலே பெஞ்சின் விளிம்பை மூன்று முறை தட்டின. அப்பா கண்ணை மூடியிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் வந்தது என் இடப்பக்கத்திலிருந்து. அந்தக் காலில் பசை இல்லை, அந்தக் கண்ணில் இமை இல்லை, அந்தக் குரலில் என் தாயைப் பற்றிய செய்தி இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும்.

எழுந்தேன். தாழ்வாரத்தைக் கடந்து, எதிர்ப் பெஞ்சில் அப்பாவின் அருகில் போய் அமர்ந்துகொண்டேன்.