நான் மாடியிலேயே இருந்திருக்கலாம்

போன வருடம் ஆவணி மாதம் நடந்தது. கிணத்துக்கடவில் எங்கள் அப்பா இறந்து, தகனம் முடிந்து, அஸ்தியை எடுத்த கையோடு நானும் என் வீட்டுக்காரியும் பவானி கூடுதுறைக்குக் கிளம்பினோம். துபாயில் இருக்கும் தம்பி, ஃப்ளைட் தாமதமாகி மறுநாள் காலையில்தான் நேராகப் பவானிக்கு வர முடியும் என்றான். அவன் இல்லாமல் எப்படிக் கரைப்பது? கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு குடும்பம் தங்கள் வீட்டு மாடியில் நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் ரூம் எடுத்தோம்.

அந்த வீட்டு அக்காவுக்கு எங்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. என் மொட்டைத் தலையும், கையில் வெள்ளைத் துணி கட்டிய கலயமும் போதாதா? பவானியில் ரூம் விடுகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி.

“ஏனுங்கண்ணா, கலயத்தை மட்டும் ஊட்டுக்குள்ள கொண்டாற வேண்டாமுங்க. வாசல் வேப்பமரத்துல பின்னால இருக்கற கொப்புல கட்டிப்போடுங்க. வர்றவங்க எல்லாரும் அங்கதான் கட்டுவாங்க” என்றார்.

எங்கள் ஊர் வழக்கமும் அதுதான். அப்படியே கட்டிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் கீழே ஒரே பரபரப்பு. நெய் வாசனை மாடி வரைக்கும் வந்தது. குடிக்கத் தண்ணீர் வாங்கப் போன என் வீட்டுக்காரி கதையோடு திரும்பினாள். அக்காவின் மகளுக்கு ஜாதகத்தில் ஏதோ தோஷமாம். வந்த வரனெல்லாம் தட்டிப்போய் வயது முப்பதைத் தாண்டிவிட்டதாம். இப்போது ஈரோட்டில் ஒரு இடம் அமைந்து, பெண்ணும் பையனும் போனில் பேசி இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. நாளைக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தோம், இன்றைக்கே வந்துவிடுகிறோம் என்று போன் செய்திருக்கிறார்கள்.

“பாவம், அந்தப் புள்ளைக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்புங்க” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. ஐயோ, வாசலில் அஸ்தி! நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் அதையா முதலில் பார்ப்பது? எதையும் உடனே செய்தாக வேண்டும் எனக்கு, பொறந்த புத்தி அப்படி. “பேசாம உக்காருங்க, அவங்களுக்குத் தெரியாதா?” என்று வீட்டுக்காரி சொன்னது காதில் ஏறவில்லை. கலயத்தை அவிழ்த்துக்கொண்டு போய், தெருமுனையில் நிற்கும் எங்கள் காரில் வைத்துவிடலாம் என்று படியிறங்கி ஓடினேன்.

முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். இரண்டு கையிலும் கலயத்தை ஏந்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே கால் வைக்கிறேன், அவர்கள் கார் வந்து நிற்கிறது. பூவும் பழமும் வைத்த தட்டோடு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா என் எதிரே நின்றார். என் தலையைப் பார்த்தார், கலயத்தைப் பார்த்தார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வாங்கம்மா” என்று பையன் கெஞ்சினான். பதறி ஓடிவந்த அக்காவிடம் அந்த அம்மா, “தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. சகுனம் மனசுக்கு ஒப்பலீங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். கார் திரும்பிப் போனது. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அந்தப் பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

காலில் விழாத குறையாக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

“உடுங்கண்ணா. பின்னால இருந்தா ரோட்டுல நிக்கறவங்க ஆருக்கும் தெரியாதுங்க. அதுக்குத்தான் அந்தக் கொப்பைச் சொன்னேன்” என்றார்.

இத்தனை பேர் வந்து தங்கும் வீட்டில் அதை யோசிக்காமலா இருப்பார்கள்? நான் அசையாமல் கிடந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

சாப்பாட்டை அந்தப் பெண்தான் மாடிக்குக் கொண்டுவந்தாள். அவர்களுக்காகச் செய்த கேசரியும் தட்டில் இருந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவள் அம்மா என்னை அண்ணா என்றதால் அவளுக்கு நான் மாமா.

“சாப்புடுங்க மாமா. நீங்களே அப்பா போன துக்கத்துல இருக்கறீங்க. இதையும் மனசுல போட்டுக்காதீங்க” என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவளா அவள்? சுடுகாட்டில்கூட அடக்கிக்கொண்டிருந்த நான் அங்கே உடைந்து அழுதேன்.

மறுநாள் தம்பி வந்து, கரைத்துவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை வீட்டு போன் நம்பர் கேட்டேன், நானே பேசுகிறேன் என்று. “வேண்டாமுங்கண்ணா. கெஞ்சிக் கட்டுனா நாளைக்கு அவளுக்குத்தான் கொறை” என்று அக்கா மறுத்துவிட்டார்.

தை பிறந்ததும் மனசு கேட்காமல் போன் செய்தேன். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதாம். “நாங்க பாத்துட்டேதான் இருக்கறமுங்க” என்றார் அக்கா, குரலில் துளிக் கோபம் இல்லாமல்.

அப்பாவுக்காக அழுது ஓய்ந்துவிட்டேன்; என்னை மாமா என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை என் கைக்கு வரும்வரை இந்த மனசு ஆறப்போவதில்லை.