மார்க்கம் செய்த பிள்ளை

எங்கள் பக்கத்தில் மார்க்கம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. என் புகுந்த வீட்டார் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்ததை, "நாங்க மார்க்கம் கூடினவங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். வேலிக்கு அந்தப்புறம் இருந்த முஸ்லிம் வீட்டில் பையன்களுக்குச் சுன்னத்து செய்தால் அதற்கும் மார்க்கம் செய்தாயிற்று என்றுதான் பேச்சு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டாரும் சண்டை இல்லாமல்தான் இருந்தோம், என் மகனுக்கு மூத்திரம் அடைக்கும்வரை.

அவனுக்கு அப்போது மூன்று வயது. முன்தோல் இறுகி, நுனியில் குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது நின்று நின்று போக ஆரம்பித்தது. அடிவயிறு கல்லாகிவிட்டது, காய்ச்சல் வேறு. அவன் அப்பா, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கொடி பிடித்துப் போய் ஜெயிலில் இருந்தார். தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. ரோட்டில் போராட்டக்காரர்கள் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கண்ணில் பட்ட ஆளையெல்லாம் போலீஸ் அடித்தது. இன்று காரக்கோணத்தில் அத்தனை பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டு அக்கா வேலியில் நின்று சொன்னாள்.

"மக்கா, இது மார்க்கம் செய்தா மாறும். எங்க ஒஸா இங்கதான் உண்டு. விளிக்கட்டா?"

அவர்கள் வீடுகளில் முடி வெட்டுகிறவரை ஒஸா என்பார்கள். சுன்னத்துக்குக் கத்தி பிடிப்பதும் அவர்தான். விளியுங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். அதற்குள் சேதி என் கொழுந்தன் காதுக்குப் போய்விட்டது. சபை உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலை மறித்தான்.

"மைனி, அண்ணன் ஜெயில்ல கெடக்கான். அவன் இல்லாத நேரம் பிள்ளய மதம் மாத்த விடமாட்டேன்."

உபதேசியார் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். நாற்காலியில் உட்கார்ந்து, பாயில் பிள்ளை முனகிக்கொண்டிருக்க, விருத்தசேதனம் என்று வேதம் சொல்லும் அந்தச் சுன்னத்தை ஆதியிலிருந்து விளக்கினார். பழைய எகிப்துக்காரர்களும் செய்ததுதானாம். கல்லைக் கூராக்கி வெட்டிய காலமாம். கர்த்தர் அதை எடுத்து, விசுவாசிகளின் தகப்பனோடு செய்த உடன்படிக்கைக்கு அடையாளம் ஆக்கினார். உன் சந்ததி பெருகும் என்று வாக்குக் கொடுத்து, சந்ததி வருகிற இடத்திலேயே அடையாளத்தையும் கேட்டார். ஆண்பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் வெட்டவேண்டும். பிற்பாடு வேற்று இனத்தார் சபைக்கு வந்தபோது அவர்களையும் வெட்டலாமா கூடாதா என்று பெரிய வழக்கு நடந்து, இருதயத்தில் வெட்டினால் போதும் என்று அப்போஸ்தலர்கள் தீர்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் சொன்னார்.

"மனுஷனாப் பொறந்த கர்த்தருக்கும் எட்டாம் நாள் செய்தது உண்டுல்லா?" என்று கேட்டேன்.

"உண்டு. ஆனா இப்ப அத நம்பிச் செய்தா கிருபைய விட்டுப் போனதாக்கும்."

"நான் பிள்ளைக்கு மூத்திரம் போவதுக்கு ஆக்கும் செய்யுதேன், உபதேசியாரே."

சபைப் போதகரான ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூடாது என்று உபதேசியார் எழுந்தார். ஐயரோ ரோடு அடைத்ததில் காட்டாக்கடைப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் இரண்டு நாள் வாசலை விட்டு நகரவில்லை. பிள்ளைக்கு நினைவு தப்பிய பிறகுதான் பயந்துபோய்ச் சாராயக் கடைக்குப் போனான். நான் வேலியில் ஒரு திறப்பு உண்டாக்கி, அதன் வழியாக மகனைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஒஸா கத்தியைக் கொதிநீரில் இட்டு, ஏதோ ஓதி, கண் இமைப்பதற்குள் முடித்துவிட்டார். அடைபட்டதெல்லாம் அவர் வேட்டியை நனைத்துக்கொண்டு பாய்ந்தது. அவர் சிரித்தார். நான் அழுதேன்.

பத்து நாள் கழித்துப் பஸ் ஓட ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதற்குள் பிள்ளைக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. அடைத்துக் கிடந்த நாட்களில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வெட்டியது சரிதான், முன்னமே வெட்டியிருக்கவேண்டும் என்றும் சொன்னார். பிள்ளை அங்கேயே போய்விட்டான்.

வீட்டில் குளிப்பாட்ட வந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டு நானே குளிப்பாட்டினேன். ஊர் முழுக்க ஒரே பேச்சு, ஒஸாவின் கத்தியில் பிள்ளை போய்விட்டதாக. கொழுந்தன்தான் அதை அதிகம் சொன்னான். ஒஸா குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார்.

எல்லையைப் பிரித்தபோது தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் மலையாளக்காரர்களோடு இந்தப்புறத்திலேயே நின்றுவிட்டோம். விடுதலையாகி வந்திருந்த என் வீட்டுக்காரர் அதற்காகச் சாப்பிடாமல் கிடந்து அழுதார். பிறகு ஒரு சாயங்காலம் மெல்லக் கேட்டார்.

"ஒஸாவுக்க கத்தியிலதான் போனானா?"

"அவனக் குளிப்பாட்டினது நானாக்கும். காயம் சுத்தமா ஆறிப்போயிருந்துது."

மறுநாள் காலையில் நான் முற்றத்துக்கு வந்தபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன வேலித் திறப்பை அவர் முள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.