ஒரே கோழி, அதுவும் குருடு

எடெல்கா தன் கொழுந்தன் வெண்டெலோடு பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. இருவர் முற்றத்துக்கும் நடுவே ஒரு பலகை வேலி உண்டு. அந்த வேலியைப் பார்த்துத் திட்டுவாள். அவன் அந்தப் பக்கம் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்வான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் யெனோவைப் புதைத்து எட்டாம் நாள், யெனோ தன் கையால் நட்ட வால்நட் மரத்தை வெண்டெல் வெட்டிச் சாய்த்துவிட்டான். கூடப் பிறந்த அண்ணன் நட்ட மரம். கேட்டதற்கு, முட்டைக்கோஸுக்கு நிழல் அடிக்கிறது என்றான். அடப்பாவி, எட்டு நாள்கூடப் பொறுக்க முடியவில்லையா உனக்கு? மரம் அவன் நிலத்தில்தான் நின்றது, சட்டப்படி சரிதான் என்று ஊரார் சமாதானம் சொன்னார்கள். சட்டத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போடுங்கள் என்றாள் எடெல்கா.

எழுபத்திரண்டு வயசு அவளுக்கு. கூட்டுறவுப் பண்ணையில் முப்பது வருஷம் பன்றிகளுக்குத் தீவனம் கலக்கியவள். பிள்ளைகுட்டி கிடையாது. பன்னிரண்டு கோழி இருந்தது. அவற்றுக்குத்தான் விடிந்ததும் எழுந்தாள், அவற்றை அடைத்த பிறகுதான் படுத்தாள்.

டிசம்பர் பதிமூன்று, லுத்சா நாள். அன்று விடியலில் வீட்டுப் பெண் அடுப்புக் கம்பியால் கோழிகளைக் குத்திக் கிளப்பிவிட்டால் அந்த வருஷம் முட்டைக்குக் குறைவிருக்காது. எடெல்கா அதைச் செய்தாள். பொழுது சாயும்போது ஆண்கள் வீடு வீடாக வந்து, சமையலறையில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் முட்டி போட்டு, இந்த வீட்டுக் கோழி பெருகட்டும் என்று வாழ்த்திச் சொல்வார்கள். முன்பெல்லாம் பையன்களின் வேலை அது. இப்போது பையன்கள் எல்லாம் ஆஸ்திரியாவில். அதனால் தீயணைப்புக் குழுவின் கிழடுகள் நான்கு பேர் முட்டி வலியோடு சுற்றுகிறார்கள். அவர்களில் முன்னால் நின்று குரல் கொடுப்பவன் வெண்டெல். பெண்டாட்டி போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் குரல்தான்.

கூட்டின் பக்கம் நின்றிருந்த எடெல்கா, தெருவில் அந்தக் குரலைக் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடிவந்தாள்.

"மூணு பேரு உள்ள வாங்க. அவன் வெளிய நிக்கட்டும்," என்றாள்.

"அது எப்படி எடெல்கா, வந்தா நாலு பேருமாத்தான்," என்றார் ஒருவர்.

"அப்ப நாலு பேரும் போங்க." கதவைப் படாரென்று சாத்தினாள்.

சாத்தின வீட்டுக்கு வாழ்த்தின் மறுபாதி கிடைக்கும். அதுவும் வழக்கம்தான், எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெண்டெல் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "இந்த வீட்டுல ஒரே ஒரு கோழி மிஞ்சட்டும். அதுவும் குருடாப் போகட்டும்." நால்வரும் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

விடிந்து பார்த்தால் கூட்டில் பதினொன்று செத்துக் கிடக்கின்றன. மரநாய் புகுந்திருக்கிறது. தின்றிருந்தாலாவது பசி என்று சொல்லலாம். கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பன்றிக்கொட்டில் விட்டத்தில் ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. அதற்கு இடது கண் இல்லை.

எடெல்கா கைக்கு ஒரு செத்த கோழியாகத் தூக்கிக்கொண்டு தெர்காவின் கடைக்கு நடந்தாள். ரொட்டி வாங்க நின்ற கூட்டத்துக்கு நடுவே அவற்றைத் தரையில் போட்டாள்.

"பாருங்க, அவன் நாக்கு செஞ்ச வேலையை. ஒன்னு மிஞ்சட்டும்னான், மிஞ்சியிருக்கு. குருடாப் போகட்டும்னான், வந்து பாருங்க. அந்த நாக்கு அழுகிப் போகட்டும்."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் இரண்டு உண்டு. ஒன்று, அந்தக் கோழிக்குக் கண் போனது ஆகஸ்டு மாதம். மற்ற கோழிகள்தான் கொத்திக் கெடுத்தன. கூட்டில் ஏறவும் விடாமல் விரட்டியதால்தான் அது தனியாகக் கொட்டில் விட்டத்தில் தூங்கியது, பிழைத்தது. இரண்டாவது, அன்று சாயங்காலம் கதவைச் சாத்த ஓடிவந்த அவசரத்தில் கூட்டுக்குக் கொக்கி மாட்டினாளா என்று நினைத்துப் பார்த்தால், மாட்டவில்லை. நினைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வெண்டெலைத் திட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

கோழியை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அடுப்போரம் கூடை, கூடைக்குள் வைக்கோல். சோள மாவை வெந்நீரில் பிசைந்து வைத்தாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்தாள். ஒன்றையும் தொடவில்லை அது. சுவரைப் பார்த்து நின்றது. துணைக்கு யாரோ இருப்பதாக நினைக்கட்டும் என்று முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரில் சாத்தி வைத்தாள். ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அலகைத் திறந்து விரலால் மாவைத் தள்ளினாள். பாதியை விழுங்கியது, பாதியை உதறிவிட்டது. ஒரு வாரத்தில் கொண்டை வெளுத்து, தூக்கினால் இறகுதான் கைக்கு வந்தது.

"கண்ணைக் கொத்தின சிறுக்கிங்களுக்கா நீ பட்டினி கிடக்கற?" என்று அதனிடமும் சண்டை போட்டாள். "அறிவு இருக்கா உனக்கு?"

ஒற்றைக் கோழி துணையில்லாமல் பிழைக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெர்காவிடம் ஒரு கோழி கேட்டாள்.

"தர மாட்டேன்னு இல்லக்கா," என்றாள் தெர்கா. "ஆனா சாபம் விழுந்த முற்றம்னு நீயேதானே சொன்ன? அங்க ஒன்னை அனுப்பினா என் மிச்சக் கோழிக்கும் வந்து சேரும்."

நான்கு வீட்டில் கேட்டாள். நான்கிலும் இதே பதில். வினையை அவளே விதைத்து, அவளே அறுத்தாள்.

அந்தப் பக்கம் வெண்டெலுக்கும் நன்றாகவே அடி விழுந்தது. அவன் வந்தால் பெண்கள் கோழியை விரட்டி உள்ளே அடைத்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இனி நீ முன்னால் நிற்க வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன்தான் முதலில் வேலிமேல் தலையை நீட்டினான்.

"அண்ணி, அது என்னால இல்லன்னு ஊருல சொல்லு."

"சொல்றேன். வந்து என் சமையலறையில முட்டி போட்டு வாழ்த்து சொல்லு. வரும்போது உன் கோழில ஒன்னு கொண்டா."

"உன் வீட்டுல நான் முட்டி போடறதா? அதுக்குச் சாகலாம்."

"சாவு. வந்து பாக்கறேன். மாலை மட்டும் எதிர்பாக்காதே."

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் வந்தான். கக்கத்தில் ஒரு சிவப்புக் கோழி. கீழே விட்டதும் நாற்காலிக் காலைக் கொத்தியது.

"சூப்புக்குன்னு ஒதுக்கி வெச்சது. யாரோடவும் ஒத்துப் போகாது. உனக்கு ஏத்தது," என்றான்.

அவளே வைக்கோலைப் பரப்பினாள். அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தைச் சொல்லி முடித்தான். எழுந்திருக்கவில்லை.

"கண்ணு ஆகஸ்டுலயே போச்சு," என்றான். "வேலிக்கு மேல பாத்தேன்."

எடெல்கா சிதறிய வைக்கோலைக் காலால் ஒதுக்கினாள்.

"கொக்கியும் நீ மாட்டலை. அன்னிக்கு எல்லா வீடும் முடிச்சுத் திரும்பி வர்றப்போ பாத்தேன். கதவு ஆடிட்டிருந்துது."

"பாத்துட்டு?"

"வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மூஞ்சில கதவைச் சாத்தினவளுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?"

அடுப்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தாள். அப்போதுதான் சிவப்புக் கோழி மாவுக் கிண்ணத்தருகே போய், கூடையை விட்டு எட்டிப்பார்த்த ஒற்றைக்கண்ணைத் தலையில் ஓங்கிக் கொத்தியது. அது மூலைக்கு ஓடி ஒடுங்கியது. கம்பி இப்போது சிவப்பை நோக்கித் திரும்பியது.

"விடு அண்ணி. கொஞ்சம் பொறு," என்றான் தரையிலிருந்து.

சிவப்பு வயிறு முட்டத் தின்றது. அலகை வைக்கோலில் துடைத்துக்கொண்டு விலகிப் போனது. மூலையில் இருந்தது கழுத்தைத் தாழ்த்தி, சுவரை ஒட்டியே நடந்து வந்து, கிண்ணத்தில் மிச்சம் இருந்ததைத் தின்னத் தொடங்கியது. தானாகவே தின்றது. கிண்ணம் தரையில் தட்டத் தட்டத் தின்றது.

பன்னிரண்டில் பன்னிரண்டாவதாக இருந்த கோழி அது. எல்லாம் தின்று முடித்த பிறகுதான் அதன் முறை. முன்னால் தின்ன ஒருவரும் இல்லாமல் போனதும், தான் தின்னலாம் என்பது அதற்குத் தெரியவில்லை. ஒன்பது நாளாகக் காத்துக்கொண்டே நின்றிருக்கிறது. எடெல்கா கம்பியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள், போயும் போயும் வெண்டெலின் முன்னால்.

அவன் ஒருவழியாக எழுந்து வைக்கோலைத் தட்டிவிட்டான். "சொன்னபடி செஞ்சுட்டேன். ஊருல சொல்லிடு."

"சொல்றேன்."

"என்னன்னு?"

"சாபமும் இல்ல, மண்ணும் இல்ல, கொக்கியை நான்தான் மாட்டலைன்னு."

அவனுக்கு மூச்சு வந்தது. கதவுவரை போனவன் நின்றான். "நான் பாத்ததை?"

"அதையும்தான்," என்றாள், கோழியிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் தெர்காவின் கடையில் ரொட்டிக்கு நின்ற கூட்டத்துக்கு நடுவே இரண்டையும் சொன்னாள். தன்னுடையதை முதலில் சொன்னாள்.