ஒரு கை பச்சரிசி

மிளகாய்த் தூளில் கலப்படம் என்று எங்கே படித்தாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கலப்படக்காரர்கள்மேல் அல்ல. எழுபதுகளின் கடைசியில், ஆம்பூரில், என் அக்காவைக் கலப்படக்காரி என்று சொன்ன மனிதர்மேல்.

அக்கா எங்கள் சர்ச் மாதர் சங்கத் தலைவி. தோல் பதனிடும் ஷாப்பில் கணவர்களுக்கு வேலை போன வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மிளகாய் காயவைத்து, அரைத்து விற்றார். ஒருநாள் மெட்ராஸிலிருந்து ஏற்றுமதி ஏஜென்ட் ஒருவர் வந்தார். தோல் போகிற நாட்டுக்கே தூளும் அனுப்பலாம் என்றார். "சுத்தமா இருக்கணும்மா, அவ்ளோதான்." சுத்தத்தைப் பற்றி அக்காவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காம்பு கிள்ளாத மிளகாய் ஒன்று முறத்தில் கிடந்தாலும் அன்றைக்கு அங்கே யாரும் நிம்மதியாக உட்கார முடியாது.

எங்கள் தெருவுக்கு ஒரே மாவு மிஷின். காலையில் தோல் பதனிடக் கடுக்காய் அரைப்பார்கள். பிறகுதான் வீட்டுச் சாமான். கடுக்காய்த் தூள் மிஷினுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கலந்தாலும் குழம்பு துவர்த்துப்போகும். அதனால் எங்கள் தெருவில் யாரும் மிளகாயை நேராகக் கொட்டமாட்டார்கள். முதலில் ஒரு கை பச்சரிசி போட்டு ஓட்டுவார்கள். பழுப்பாக விழும் மாவு கோழிக்கு. வெள்ளையாக விழ ஆரம்பித்த பிறகுதான் மிளகாய். அக்காவோ மனசு கேட்காமல் இன்னொரு கை போடுவார்.

அப்படி அரைத்து அனுப்பிய முதல் சரக்கு வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. ஏஜென்ட் நேராக சர்ச் வளாகத்துக்கு வந்தார். நாங்கள் காயவைத்திருந்த மிளகாய்மேல் செருப்புக் காலோடு நின்று கத்தினார்.

"எடை ஏத்தறதுக்கு அரிசி மாவு கலந்தியாம்மா? டெஸ்ட்ல மாட்டிக்கிச்சு. கலப்படம்னு எழுதிட்டான்."

அத்தனை பெண்களும் அக்காவைப் பார்த்தார்கள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "கடுக்கா கலக்கக் கூடாதுன்னுதான் சார் அரிசி ஓட்டறோம். அது கொஞ்சம் உள்ள தங்கியிருக்கும்."

"அரிசியே இருக்கக் கூடாது. மிளகாய்த் தூள்னா மிளகாய் மட்டும்தான் இருக்கணும்னு அவங்க சட்டம். தனி மிஷின்லதான் அரைக்கணும்னும் போட்டிருக்கான்."

சட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே வாய் திறக்காமல் இருந்த ஆளைத்தான் அறையலாம்போல இருந்தது. "இன்னா சார் இது? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமல் அக்காவிடமே சொன்னார்.

"தனி மிஷினுக்கு நான் எங்க போறது? இனிமே அரிசி போடாம அரைங்க. மாவு இருக்கான்னுதான் பார்க்கறான்."

"அப்ப கடுக்கா கலந்துடுமே சார்," என்றார் அக்கா.

"அத்த எவன் பார்க்கறான்?"

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மற்றப் பெண்கள் போகவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கலப்படம் செய்து மாட்டிக்கொண்டதால்தான் அக்கா விலகிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆராதனை முடிந்ததும் அக்காவைச் சுற்றி நின்று பேசுகிற கூட்டம், பார்க்காததுபோல் கேட்டைத் தாண்டிப் போனது. அக்கா பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நடந்து வருவார்.

அடுத்த சரக்கு அரிசி ஓட்டாமல் அரைக்கப்பட்டு, கடுக்காய்த் தூளோடு கப்பல் ஏறியது. அங்கே தேறியும்விட்டது.

அந்த மகிழ்ச்சியில் ஏஜென்ட் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிவந்து சர்ச்சில் எல்லாருக்கும் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டியோடு வந்தார். "பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. இந்த வாட்டி சுத்தமான தூள்னு சொல்லிட்டான்," என்றார். அக்கா பெட்டியைத் தொடவில்லை. ஏஜென்ட் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, வீட்டுக்குன்னு நீங்க அரைச்ச தூள் இருந்தா கொஞ்சம் குடுங்களேன். அந்த அரிசி ஓட்டினது. நம்ம வீட்ல கொழந்தைங்க சாப்பிடணும் பாருங்க."

"அதுல கலப்படம் இருக்கு சார்," என்று சொல்லி, பேடா பெட்டியை அவர் கையிலேயே வைத்துவிட்டு, அக்கா கதவைச் சாத்தினார்.