செண்பகத்தின் தலையில் ஊற்றிய தண்ணீர்

என் நாத்தனார் செண்பகத்துக்கு மறுபடி வளர்ந்துவந்த தலைமுடியைக் கொட்ட வைத்தவள் நான். அம்மை அல்ல, அவள் ஜாதகமும் அல்ல. நான்தான்!

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முன் இன்னொரு பொய்யையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, இடுப்புக்குக் கீழே தொங்கிய என் பின்னலில் பாதி சவுரி. அம்மா கடையில் வாங்கி வைத்துப் பின்னிவிட்ட முடி. தென்னூரிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் சரி என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கழற்றிவிடலாம் என்றாள் அம்மா. எப்படிக் கழற்றுவது? என் கணவர் ரயில்வேயில் கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் என் முடியைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு வந்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு தலை வாரினேன். கொண்டையோடு படுத்தேன்.

இந்த நிலையில் செண்பகத்துக்கு அம்மை வார்த்தது. பிழைத்து எழுந்தாள், முடி மட்டும் கொத்துக் கொத்தாகப் போயிருந்தது. ஸ்ரீரங்கத்து வரன் ஒன்று பேசி முடியும் தறுவாயில் இருந்த நேரம். பையனின் தாயார் வந்து பார்த்துவிட்டு, முடி வளரட்டும், தை மாதம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீ உன் தலைக்கு என்ன ஊத்துறியோ அதையே அவளுக்கும் காய்ச்சிக் குடும்மா" என்றார் மாமியார்.

நான் என்னத்தைக் கண்டேன்? வெந்தயத்தை ஊறவைத்தேன். செம்பருத்தி இலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையில் கடைசியாக அதை ஊற்றி அலசிவிட்டேன். நானாக இட்டுக்கட்டிய பக்குவம்... ஆனால் வளர்ந்ததே! வகிட்டோரம் புல் முளைத்தாற்போல் புதுமுடி அரும்பியது. கண்ணாடியை விட்டு நகராமல் சிரித்தாள் செண்பகம். எனக்கும் சந்தோஷம்தான். அது பொய்யில்லை.

அன்றுதான் மாமியார் சொன்னார்: "சமயபுரத்தாகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். இவளுக்கு முடி வளந்து கல்யாணம் கூடிட்டா, உன் முடிய இறக்கிடுறேன்னு. ஆத்தாளுக்குக் குடுக்க நம்ம வீட்டுல அதவிட ஒசத்தியா என்ன இருக்கு?"

எல்லோரும் சுற்றி நிற்க, மொட்டை போடுகிறவர் கொண்டையை அவிழ்த்தால் சவுரி அவர் கையோடு வரும். பெண் பார்த்த நாளிலிருந்து எல்லாமே ஏமாற்று என்று ஆகும். மாட்டேன் என்றாலோ நாத்தனார் வாழ்வுக்குக் குறுக்கே நிற்பவள் என்ற பெயர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்... நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியும்.

நான் அந்தத் தண்ணீரில் சலவை சோடாவைக் கலந்தேன்.

"எரியுது அண்ணி" என்றாள்.

"எரிஞ்சாத்தான் வேர் பிடிக்கும்" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனா?

தை பிறந்ததும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் வந்தார்கள். முன்னந்தலையில் தோல் தெரிந்தது. காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அதன் பிறகு அந்தத் தண்ணீரையே நான் காய்ச்சவில்லை. முடி தானாக வளர்ந்தது. அண்ணி ஊற்றியது மெதுவாக வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாள் செண்பகம்! வரன்தான் வரவில்லை. அம்மை கண்ட பெண், முடி நிற்காதாம் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டிருந்தது. மாமியார் அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார்.

சென்ற வருடம் எனக்கு டைபாய்டு கண்டது. நினைவு தப்புவதற்கு முன் சவுரியை அவிழ்த்து டிரங்குப் பெட்டியின் அடியில் திணித்தேன். நான் எழுந்து உட்கார்ந்தபோது என் கணவரும் செண்பகமும் என் தலையைப் பார்த்து அழுதார்கள். ஜுரம் முடியைக் கொண்டுபோய்விட்டதாம்! இத்தனை வருடப் பொய் தானாகவே தீர்ந்தது. விடுதலை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செண்பகம் யாரிடமும் சொல்லாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி சமயபுரம் போய்விட்டு வந்தாள். வாசலில் நின்றவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை நிறையச் சந்தனம்.

"நீங்க பொழச்சு எழுந்தா முடி குடுக்கறதா வேண்டிக்கிட்டேன் அண்ணி. உங்க முடியும் பழையபடி வளரணும்னு ஆத்தாகிட்ட கேட்டுக்கிட்டேன்" என்றாள். "அந்தத் தண்ணிய காய்ச்சுங்க. ரெண்டு பேரும் ஊத்திக்குவோம்."

எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். சொன்னால், நம்புவதற்கு அவளுக்கு யார் மிச்சம்? இதுவும் என் சாக்குத்தானோ... வெந்தயத்தை ஊறப்போட்டேன்.

இன்று காலை கிணற்றடியில் குனிந்து உட்கார்ந்தாள். பழைய ஞாபகத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஊற்றினேன். சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"எரியவே இல்லையே அண்ணி... வேர் பிடிக்குமா?"

நான் அடுத்த செம்பை மொண்டேன்.