ஹெப்பகோடிக்குப் போன பால்

ஒரு புதன்கிழமை காலை எங்கள் வீட்டில் மின்சாரம் போனது. அல்சூரில் மின்சாரம் போவது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அன்றைக்கு எதிர் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் டிவி பேசிக்கொண்டிருந்தது. எங்கள் கிரைண்டர் மட்டும் பாதி அரைத்த அரிசியோடு நின்றுவிட்டது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால், லைன்மேன் எங்கள் மீட்டரிலிருந்து பிடுங்கிய ஃபியூஸைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா பில் கட்டலீங்க சார்," என்றார், மிகவும் மரியாதையாக.

மேலே வந்து மனைவியிடம் கேட்டேன். "கரண்ட் பில்லு நீதானே கட்டுவே?"

"நானா? நான் தண்ணி பில்லு. கரண்ட் நீங்க."

"தண்ணி பில்லு நான்தான் கட்டறேன். ஒரு மாசம்கூட விடல."

"நானும்தான் விடல," என்றாள் அவள்.

தண்ணீருக்கு இரண்டு பேர், மின்சாரத்துக்கு ஆளில்லை. இதில் வெட்கப்பட எனக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. ஒரு கம்பெனியில் கணக்குகளை ஒத்துப்பார்ப்பதுதான் என் வேலை. ஊரில் யார் யாரோ அனுப்பிய பணம் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பத்துப் பேரை வைத்துக்கொண்டு தினமும் பார்க்கிறேன். ஒரு ரூபாய் பிசகினாலும் அது கிடைக்கும்வரை யாரையும் எழுந்திருக்க விடமாட்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அன்றைக்கு அரைத்தும் அரைக்காததுமான மாவில் ஊற்றிய தோசையைத் தின்றுகொண்டே, "சனிக்கிழமை மூணு பேரும் உக்காந்து எல்லாத்தையும் பாக்கலாம். எங்க ஸ்கூல்ல சிலபஸ் முடிக்காத டீச்சருக்கு இப்படித்தான் ரிவ்யூ வைப்பாங்க," என்றாள். கோக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் மறுக்கவில்லை.

சனிக்கிழமை டிபன் முடிந்ததும் உட்கார்ந்தோம். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஆபீஸில் பிரின்ட் போட்டு வந்திருந்தேன். மகள் மூன்று கலர் பேனா எடுத்து வைத்துக்கொண்டாள். தேவையான செலவுக்குப் பச்சை, சந்தேகத்துக்கு மஞ்சள், தண்டத்துக்குப் பிங்க். அரை மணி நேரத்தில் பிங்க் பேனா தீர்ந்துபோனது. ஜிம் என் கணக்கில் ஏறியது. ஓவியம் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பு மனைவியின் கணக்கில். நான் ஜிம்முக்குப் போனதுமில்லை, அவள் வரைந்து நான் பார்த்ததுமில்லை. ஒருவர் குட்டு ஒருவருக்குத் தெரிந்ததில் ஒரு சமாதானம் இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் மகள் பேனாவை நிறுத்தினாள். "அப்பா, இது என்ன? ஐநூறு, ஐநூறு, ஐநூறுன்னு மாசத்துல மூணு நாலு தடவை போகுது."

எனக்கு முகமெல்லாம் மலர்ந்தது. காலையிலிருந்து காத்திருந்த கேள்வி அது. "அது செலவு இல்லம்மா, சேமிப்பு. மியூச்சுவல் ஃபண்ட்ல மாசாமாசம் போடறேன். பச்சை அடி."

"தேதி மாறி மாறி இருக்கே?"

"மார்க்கெட்டுக்குத் தகுந்த மாதிரி எடுப்பாங்க," என்றேன். இதை நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். 'வென்ச்சர்ஸ்' என்று முடிகிற கம்பெனிப் பெயர் வேறு எதற்கு இருக்கும்?

மகள் போனில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். போனை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "அப்பா, இது பால் கம்பெனி," என்றாள்.

அப்போது எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது வேறொரு கம்பெனி. ஒன்பது மாதத்துக்கு முன் அல்சூருக்கு வந்த அன்றே கீழ் வீட்டுக்காரர் சொல்லி மனைவி ஏற்பாடு செய்தது. அதற்கு முன் ஆறு வருடம் ஹெப்பகோடியில் குடியிருந்தோம். அங்கே பால் ஆப் என் போனில் இருந்தது. காசு குறைந்தால் தானாகவே ஐநூறு எடுத்துக்கொள்ளும்படி நானே செய்து வைத்திருந்தேன்.

"காலி பண்ணும்போது நிறுத்தச் சொன்னேனே?" என்றாள் மனைவி.

"சொன்னே."

"நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

போனில் நான்காம் பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்த அந்த ஆப்பைத் தேடிப்பிடித்துத் திறந்தேன். 'இன்று காலை உங்கள் பால் வந்து சேர்ந்தது' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. கூடவே சாட்சிக்கு ஒரு படம். எங்கள் பழைய வீட்டுக் கதவு, தாழ்ப்பாளில் தொங்கும் மஞ்சள் துணிப்பை, பைக்குள் இரண்டு அரை லிட்டர் பாக்கெட்.

"அது என் தம்பி கல்யாணப் பை!" என்று மனைவி கத்தினாள். ஒன்பது மாதப் பால் போனதைவிட அந்தப் பைதான் அவளை எழுப்பி நிறுத்தியது. "நாளைக்கே போறோம். யார் குடிக்கறாங்கன்னு நான் பாக்கணும்."

மகள் அதற்குள் ஆப்பில் இருந்த ஒன்பது மாதக் கணக்கையும் கூட்டிவிட்டாள். பதினைந்தாயிரத்துச் சொச்சம். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பாட்டில் பாதாம் பாலும் அதில் சேர்த்தி. எட்டாம் வகுப்பில் அவள் அடம்பிடித்துச் சேர்க்க வைத்தது அது. அந்த வரியை மட்டும் மெதுவாக வாசித்தாள்.

ஞாயிறு காலை இரண்டு மெட்ரோ மாறி ஹெப்பகோடியில் இறங்கினோம். வழியெல்லாம் மனைவி என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் பழைய வீடு மாடியில். கீழே ஓனர் குடும்பம். ஓனரின் ஸ்கூட்டர் வாசலில் இல்லை. நேராக மாடிக்குப் போனோம். துவைத்துச் சுத்தமான மஞ்சள் பை தாழ்ப்பாளில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவி மணியில் கை வைக்கும் முன்பே கதவு திறந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள்.

"மெதுவா பேசுங்கக்கா," என்று கிசுகிசுத்தாள். "அவரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பத்தான் படுத்தாரு."

"நாங்க இதுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க," என்று மனைவியும் கிசுகிசுத்தாள்.

"ஐயோ, நீங்கதானா! உள்ள வாங்க. உங்க பேருக்கு வந்த கவரெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். எந்த அட்ரஸுக்கு அனுப்பறதுன்னு தெரியல." கடிதங்களை ரப்பர் பேண்ட் போட்டு, தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். திருப்பத்தூர் பக்கம் அவளுக்கு ஊர். எனக்கு வாணியம்பாடி என்றதும், "அப்ப நம்ம ஊருதாண்ணா," என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

கிசுகிசுத்துக்கொண்டே ஒருவரைத் திட்ட முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவி இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள். அதற்குள் காபி வந்துவிட்டது. திக்காக, நுரை பொங்க, வெகு பிரமாதமாக இருந்தது.

"நம்ம பால்," என்று மகள் என் காதில் சொன்னாள்.

"பால் எங்கம்மா வாங்கறே?" என்று மனைவி கேட்டாள்.

"வாங்கறதில்லக்கா. இந்த வீட்டுக்குப் பால் ஃப்ரீ. வாடகைல ஐநூறு ரூபா ஏத்தி, அதுக்குப் பாலும் தண்ணியும் சேத்திதான்னு ஓனர் சொன்னாரு. வெள்ளிக்கிழமை பாதாம் பால்கூட வரும். எங்க வீட்டுக்காரருக்கு அதுன்னா உசிரு." உறங்குகிறவர் இருந்த அறைப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எங்களுக்குத் தெரியாதுக்கா," என்றாள். கண் கலங்கிவிட்டது. வந்த கோபம் போய், நாங்கள் மூவரும் சேர்ந்து அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று, அதையும் கிசுகிசுப்பாகவே.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் வேகமாக இறங்கினேன். கீழே போய்விட்டால் கத்தலாம்.

என்னைப் பார்த்ததும் ஓனர் முந்திக்கொண்டார். "ஏன் சார், ஒரு மனுஷன் எத்தனை வாட்டி போன் பண்றது? எடுக்கவே மாட்டீங்களா?" என்று தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். வீடு காலி செய்த மறுநாளிலிருந்து ஆரம்பம். ஆங்கில எழுத்தில் தமிழும் கன்னடமும் கலந்து எழுதியிருந்தார். 'சார், பால் வந்திருக்கு. ஏன் மாடோது?' என்ன செய்வது என்று கேட்கிறார். அடுத்த நாள், இரண்டு பாக்கெட்டின் படம். அதற்கடுத்த நாள், 'சார், இன்னிக்கும் வந்தது.' வெள்ளிக்கிழமை, 'சார், பாதாம் பால்கூட வந்திருக்கு.' இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள். கடைசியாக, 'புது ஆளுங்க வந்துட்டாங்க. அவங்களுக்குக் குடுத்துடறேன். தப்பா நினைக்காதீங்க.' எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு டிக்.

"ஒத்த டிக்னா நீங்க அவரை பிளாக் பண்ணியிருக்கீங்கப்பா," என்றாள் பின்னால் வந்து நின்ற மகள்.

பண்ணியிருந்தேன். காலி செய்யப்போகிறோம் என்றதும் பெயிண்ட் அடிக்க என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் சண்டை போட்டுத் தோற்று, அந்த ஆத்திரத்தில் காலி செய்த அன்றே அவர் எண்ணை அடைத்துவிட்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. 'பணம் வந்துடும்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். படியில் நின்றிருந்த மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஆனால் அவள் ஆசிரியை. ஒரே நேரத்தில் இரண்டு பையன்களை விசாரிக்கத் தெரிந்தவள். ஓனர் பக்கம் திரும்பினாள். "சரி சார், இவர் தப்பு. அந்த ஐநூறு ரூபா?"

"அது… மெயின்டனன்ஸ் மேடம்."

"பாலுக்குன்னு சொன்னீங்களே சார்!" மாடியிலிருந்து இறங்கி வந்த பெண் இப்போது முழுக் குரலில் பேசினாள். கீழே வந்துவிட்டதில் அவளுக்கும் தெம்பு வந்திருந்தது.

"எங்க ரெண்டு பாக்கெட்டுக்கா சார் ஐநூறு?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"ரெண்டா? ஒண்ணுதாண்ணா வரும்!"

நான் காலையில் வந்த படத்தைக் காட்டினேன். பைக்குள் இரண்டு பாக்கெட் தெளிவாகத் தெரிந்தன. எல்லோரும் ஓனரைப் பார்த்தோம். ஓனர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் நிதானமாக, "ஏன்ரீ இது?" என்று கணவரைக் கேட்டார், 'என்னங்க இது' என்பதைக் கன்னடத்தில். பதிலுக்குக் காத்திராமல் எங்களிடம் திரும்பி, "தினமும் காலைல வாக்கிங் போய்ப் பால் வாங்கிட்டு வரேன்னு என்கிட்ட காசு வாங்குவாரு," என்றார். "நானும் உடம்புக்கு நல்லதுன்னு வாங்க விட்டேன்."

வாக்கிங் என்பது மாடிப்படி ஏறி இறங்குவது என்று அந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஓனரை யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் அந்த அம்மாவே பார்த்துக்கொண்டார். ஐநூறு ரூபாய் அடுத்த மாதத்திலிருந்து இல்லை. இதுவரை வாங்கியதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்கும் பால் காசு தருகிறேன் என்றார்.

"பால் காசு வேண்டாம்மா. நிறுத்தாதது எங்க தப்பு," என்றாள் என் மனைவி. கொஞ்சம் நிறுத்தி, "பெயிண்ட் காசு இருக்கு," என்றாள்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். ஓனர் போனை எடுத்தார். நான் ஒரு வாரம் கத்தியும் வராத பணத்தில் பாதி, நின்ற இடத்திலேயே என் மனைவியின் கணக்குக்கு வந்தது. என் கணக்கு எண்ணை அவர் கேட்கவேயில்லை.

கிளம்பும்போது மாடி வீட்டுப் பெண் துணிப்பையை மடித்து மனைவியிடம் கொடுத்தாள். உள்ளே ஒரு சின்ன பாட்டில் நெய். ஏடு எடுத்துச் சேர்த்து வைத்துக் காய்ச்சியதாம். நான் ஆப்பைத் திறந்து பாலை நிறுத்தப் போனேன். அவள் தயங்கினாள். "அண்ணா, இந்த வெள்ளிக்கிழமை பாதாம் பால் மட்டும் வரட்டுமா? அவருக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது. எதிர்பார்ப்பாரு." மீதி இருந்த காசு தீரும்வரை வரட்டும் என்று விட்டுவிட்டு, தானாகக் காசு எடுப்பதை மட்டும் நிறுத்தினேன். நிறுத்தியதை இரண்டு பேர் சரிபார்த்தார்கள்.

அதன்பின் வீட்டில் ஒழுங்கு வந்துவிட்டதா என்றால், சுமாராக வந்தது. மகள் போட்ட முதல் சட்டம், எந்த பில் கட்டினாலும் குடும்ப குரூப்பில் போட்டோ போட வேண்டும் என்பது. மனைவி கொத்தமல்லி வாங்கியதையும் போட்டோ எடுத்துப் போட, நான் டீ குடித்ததைப் போட, இரண்டே வாரத்தில் மகளே அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கினாள். கடைசியில் தேறியது இவ்வளவுதான்: கரண்டும் பாலும் மனைவி, தண்ணீரும் கேஸும் நான். ஞாயிறு காலை அடுத்த வாரச் சமையலை மூவரும் பேசி ஒரே பட்டியலாக எழுதி, நானும் மகளும் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வாங்கி வருவது. துணி மடிப்பது என் வேலை. முதலில் அவமானமாக இருந்தது. இப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நன்றாக மடிக்கிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்காருகிறோம். சண்டையில்லாமல் முடிந்த சனிக்கிழமை இன்னும் ஒன்றுகூட இல்லை. சென்ற முறை என் மனைவி ஓவிய வகுப்பைத் தொடர விரும்புவதாகச் சொன்னாள். சேர்ந்ததிலிருந்து அவள் ஒரு படம்கூட வரையவில்லை என்று நான் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நாற்பதுக்கு மேல் படங்கள். அல்சூர் ஏரி, பள்ளிக்கூட மரம், தூங்கும் மகள், சட்டையில்லாமல் பேப்பர் படிக்கும் நான். தொப்பையைக் கொஞ்சமும் குறைத்துப் போடவில்லை.

மகள் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓவிய வகுப்புக்கு நேராகப் பச்சை அடித்தாள். நான் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.